கைதட்டக் கூடாத மண்டபமும் மருமவன் பத்திரிகையும்

அட்டைப்படம் ரெடியாயிட்டுன்னு போன்ல அனுப்பியிருந்தியே மருமவனே, பாத்தேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவையும் பாத்தேன். குறை சொல்ல இடமே இல்லை. புடவை நல்ல புடவை. ஜிமிக்கி நல்ல ஜிமிக்கி. பின்னால குதிரமாளிகைத் தூணு, முன்னால நிலவிளக்கு, நடுவில அந்தப் பாட்டுக்காரப் பிள்ளை கன்னத்தில கை வச்சுச் சிரிச்சுக்கிட்டு இருக்கு. அடியில மட்டும் ‘இது பாட்டுப் பத்திரிகை’ன்னு ஒரு வரி சேத்துப் போட்டிரு. இல்லேன்னா வாங்குதவன் முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு கேட்டு மொய்க் கவரோட வந்து நிப்பான்.

கோவிச்சுக்கிடாதே. தக்கலையில தென்னைக்குத் தடம் எடுத்துக்கிட்டுக் கிடக்கப்பட்ட கிழவனுக்கு அட்டைப்படத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீ நெனைப்பே. நியாயம்தான். ஆனா பழைய காலமா இருந்தா என் தோப்பும் வயலும் மருமவன்னு உனக்குத்தான் வந்து சேந்திருக்கும், கேட்டியா. கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதி நாஞ்சில் நாட்டையே சிரிக்க வச்சாவ, பிறகு சட்டமும் மாறிட்டு. இப்ப சொத்தெல்லாம் என் பிள்ளைகளுக்கு. மருமவனுக்குக் கொடுக்க மாமன் கையில மிஞ்சினது புத்தி ஒண்ணுதான். வேண்டாம்னு சொன்னாலும் தரத்தான் செய்வேன்.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில பெண்கள் பாடத் தொடங்கி 20 வருஷம் ஆகுதுன்னு சிறப்பிதழ் போடுதே. அட்டையும் நடுப்பக்கப் பேட்டியும் அதுக்குத்தான். யோசனை உன்னுதா, உன் கூட இருக்கப்பட்ட எவனுதோ தெரியாது, யோசனை நல்லது. ஆனா அட்டையில அந்த மண்டபம் இல்லை, அந்த 20 வருஷம் இல்லை, பாட்டும் இல்லை. சரி, உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு வச்சுக்கிட்டே சொல்லுதேன். தெரிஞ்சிருந்தா தெரியாத மாதிரி கேட்டுக்கிடு. பேட்டி எடுக்கப் போறவனுக்கு அந்தப் பழக்கம் நல்லது.

அந்த மண்டபத்துக்கு சரஸ்வதி எங்கேயிருந்து போறாவ? நம்ம ஊர்லேருந்து. பத்மநாபபுரம் கொட்டாரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி. கம்பர் கும்பிட்ட விக்கிரகம்னு பெரியவிய சொல்லுவாவ. 1795-ல திருவிதாங்கூர் தலைநகரத்தையே இங்கேயிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனாவ. சுவாதித் திருநாள் ராஜா காலத்தில நவராத்திரியும் பின்னாலயே போயிட்டு. 1956-ல நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேந்துது, கோடு போட்டு எல்லை பிரிச்சாச்சு. ஆனா சரஸ்வதி மட்டும் இன்னைக்கும் வருஷா வருஷம் யானை மேல ஏறி, குழித்துறையில தங்கி, களியக்காவிளையில எல்லை தாண்டி, நெய்யாற்றின்கரையில தங்கி, கோட்டைக்குள்ள போய்ப் பாட்டுக் கேட்டுட்டுத் திரும்பி வாறாவ. துணைக்கு வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. எல்லையில ரெண்டு மாநிலப் போலீசும் விறைப்பா நின்னு மரியாதை செய்யும். போய்ச் சேந்த பிறகு முருகன் ஆரியசாலையில, நங்கை செந்திட்டையில. சரஸ்வதிக்கு மண்டபம்.

ஒன்பது ராத்திரியும் அங்க உக்காந்து கேக்கப்பட்டது பொம்பளை. பாடுத பாட்டு அத்தனையும் அந்தப் பொம்பளையைப் பத்தி. பாடுனது மட்டும் ஆம்பிளை. 2006 வரைக்கும் இதான் நடப்பு. சரஸ்வதி ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாலும் அப்ப அவிய பேச்சை யாரு கேட்டா?

2006-ல தான் பாறசாலை பொன்னம்மாள் அங்க உக்காந்து பாடுனாவ. பாறசாலைன்னா நம்ம எல்லைக்கு அந்தால, கூப்பிடு தூரம். 1924-ல பிறந்தாவ. திருவனந்தபுரத்தில 1939-ல சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி தொடங்குனப்ப, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தலைமையில, அங்க படிச்ச முதல் பெண் அவிய. காட்டன் ஹில் பள்ளிக்கூடத்தில பாட்டு டீச்சரா இருந்தாவ. பிறகு படிச்ச அகாடமியிலேயே முதல் பெண் ஆசிரியை. பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல்வர். பென்ஷனும் வாங்கியாச்சு, வீட்டுக்கும் வந்தாச்சு. அதுக்குப் பிறகு, 80 தாண்டின வயசில, மண்டபத்துக் கதவு திறந்துது. அரண்மனைக்குள்ளேயே பாட்டுத் தெரிஞ்ச ஒருத்தர், அஸ்வதி திருநாள் ராம வர்மா, முன்னால நின்னதால திறந்துது. 2017-ல பத்மஸ்ரீ வந்துது. 2021 ஜூன்ல அவிய போயிட்டாவ.

இதைக் கொஞ்சம் நின்னு பாரு மருமவனே. பள்ளிக்கூடம், அகாடமி, கல்லூரி, எல்லாக் கதவும் அவியளுக்கு எப்பவோ திறந்துட்டு. மூணு தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாச்சு. படிச்ச இடத்திலேருந்து நடந்து போகப்பட்ட தூரத்தில, பாட்டுக்குன்னே இருக்கப்பட்ட ஒரு மண்டபத்துக்கு மட்டும் 80 வயசாக வேண்டியிருந்துது. உன் கவர் ஸ்டோரி அந்தத் தூரம்தான். நீ கொண்டாந்து போட்டிருக்கது ஜிமிக்கி.

அன்னைக்கு பொன்னம்மாள் படத்தைப் போடச் சொன்னதும் நீ என்ன சொன்னே? “மாமா, வயசானவிய படம் போட்டா கடையில புக்கு நகராது.” சரிதான், வியாபாரம் உனக்குத்தான் தெரியும். போன இதழ்ல சின்னப் பிள்ளை படம்தானே போட்டே? அது எவ்வளவு நகந்துது? உன் வீட்டுப் பரண் வரைக்கும் நகந்துதுன்னு உன் அம்மை சொன்னா.

ரவி வர்மா இருந்தாவளே, நம்ம திருவனந்தபுரத்துக்கு வடக்க கிளிமானூர்க்காரர், அவிய உனக்கு முன்னாலேயே பாட்டுக்காரிகளை வச்சு ஒரு அட்டைப்படம் பண்ணியாச்சு. 1889-ல மைசூர் ராஜாவுக்காக. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில இருக்கு. 11 பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு தேசத்து உடுப்பு. எந்த ஊர்ல முந்தானையை எந்தப் பக்கம் விடுவாவங்கிறதை அந்தப் படத்தைப் பாத்தே படிச்சிரலாம். என்ன ராகம் ஓடுதுன்னு மட்டும் தெரியாது. பரவாயில்லை, அவிய வரைஞ்சது துணியையும் முகத்தையும். அதில அவியளை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு பம்பாய்ல அச்சாபீஸ் போட்டு சாமி படமெல்லாம் அடிச்சு விட்டாவ பாரு, அதுக்குப் பிறகு இந்த தேசத்தில வேற சரஸ்வதியை எவனும் கண்ணால கண்டதில்லை. உன் ஆர்டிஸ்ட் பயலும் அந்தப் பரம்பரைதான். ரவி வர்மாவுக்குத் தூரிகை, இவனுக்கு மவுசு.

அவன்கிட்ட ஒண்ணு சொல்லு. அந்தப் பிள்ளை கட்டியிருக்கது பாலராமபுரம் கசவு. சரஸ்வதி வாற வழியிலதான் பாலராமபுரமும் இருக்கு. தறிச் சத்தத்தைத் தாண்டித்தான் ஊர்வலம் போகும். அந்தக் கசவு உன் போன்ல தங்கமாத்தான் மின்னும். அச்சுல நாலு கலர்ல விழுந்தா மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் கறுப்பும் கூடிக் கடுகுச் சாறு நிறத்தில நிக்கும். தங்கம் தங்கமா வேணும்னா அஞ்சாவதா தங்க மை தனியா ஓட்டணும். அச்சாபீஸ்காரன் அதுக்குத் தனிக் கணக்குப் போடுவான். அந்தக் காசுக்கு உன்கிட்ட வழியில்லைன்னா கசவை ஓரத்தில தள்ளு, முகத்தில வெளிச்சத்தை விடு. அந்தப் பிள்ளை சிரிக்கதை எடுக்காதே. பாடும்போது எடு. மேல் ஸ்தாயியைத் தொடும்போது புருவம் நெரியும், வாய் ஒரு பக்கம் கோணும், கழுத்து நரம்பு தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது. “அண்ணா, இதை மட்டும் போடாதீங்க”ன்னு சொல்லும். அது எந்தப் படத்தைச் சொல்லுதோ அதை எடுத்துத் தனியா வச்சு, கால்ல விழுந்தாவது சம்மதம் வாங்கு. அதுதான் அட்டை.

நடுப்பக்கத்துக்கு எடுத்த தம்புராப் படமும் பாத்தேன். அழகாப் பிடிச்சிருக்கு. வீட்டில சாதகம் பண்ணுதது சுருதிப்பெட்டி வச்சுத்தான்னு அந்தப் பிள்ளையே சொல்லுதுன்னு நீதானே சொன்னே. பிறகு தம்புரா எங்கேயிருந்து வந்துது? வாடகைக்கா? எண்ணிப் பாத்தேன், மூணு கம்பிதான் இருக்கு. பாட்டுப் பத்திரிகை வாங்குதவன் படிக்க மாட்டான், முதல்ல கம்பியைத்தான் எண்ணுவான். சுருதிப்பெட்டியையே மேஜை மேல வச்சு, பக்கத்தில ஆறிப்போன சாயா கிளாசையும் வச்சு எடு. பொய் இல்லாத படம். வாடகையும் மிச்சம்.

அதோட அந்தத் தம்புராவை ரெண்டு பக்கத்துக்கும் நீளமாப் படுக்கவச்சு லேஅவுட் போட்டிருக்கே. நடு ஃபாரத்தில, பின் அடிக்கப்பட்ட அந்த ஒரே தாள்ல விழுந்தா தப்பிச்சே. மத்த இடத்தில இடது பக்கம் ஒரு தாள், வலது பக்கம் வேற தாள். மடிப்புல ஒரு நூல் ஏறும், ஒரு நூல் இறங்கும். இடது பக்கத்துத் தம்புராக் கழுத்து வலது பக்கத்துக் குடத்தோட சேராது. முகத்தை நடுவில வச்சா அதை விடக் கஷ்டம்: மூக்கு மடிப்புக்குள்ள போயிரும், ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கத்திலேருந்து வாசகனை முறைக்கும். முகத்தை ஒரு பக்கத்திலேயே முழுசா வை. மத்த பக்கத்தைப் பேச விடு.

அட்டையில தலைப்பு வரி எத்தனை போட்டிருக்கே? ஒன்பது. நவராத்திரிக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு வச்சியோ? ‘கொலு வைக்க டிப்ஸ்’ வேற. ஒரு வரி போதும். அந்தப் பிள்ளை பேரு, மண்டபத்துப் பேரு. மீதியைப் படம் சொல்லலைன்னா நீ எட்டு வரியில சொல்லியும் பிரயோசனமில்லை. பக்கவாத்தியம் வாசிக்கிறவிய பேரை மட்டும் உள்ள கண்ணுக்குத் தெரியாத எழுத்தில போட்டிருக்கே. சுவாதித் திருநாள் 1834-ல தஞ்சாவூர் வடிவேலுவுக்கு யானைத் தந்தத்தில பிடில் கொடுத்த ஊரு அது. ராஜா தந்தம் கொடுத்தாவ, நீ எட்டுப் பாயிண்ட் எழுத்தைக் கொடுக்குதே. காலம் கெட்டுப் போச்சுன்னு நான் சொல்லலை, கிழவன் சொல்லிட்டான்னு சிரிப்பே.

இன்னொரு கோளாறு இருக்கு, அதை நீ யோசிச்சியான்னு தெரியலை. நவராத்திரி இதழ் நவராத்திரிக்கு முன்னால கடைக்கு வரணும். விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரன் விட மாட்டான். முன்னால வரணும்னா இந்த வருஷத்துக் கச்சேரிப் படத்துக்கு எங்க போவே? போன வருஷத்துப் படத்தைப் போட்டு ‘இந்த வருஷம்’னு எழுதுவே. எல்லாப் பத்திரிகையும் அதான் செய்யுது. நடக்காத கச்சேரியை நடந்ததா எழுதவும் ஆள் உண்டு. நீ அந்தப் பிள்ளை வீட்டில சாதகம் பண்ணுததை எடு. அது கச்சேரிக்கு முன்னாலதான் நடக்கும், கணக்கும் சரியா இருக்கும். மண்டபத்துக்குள்ள கேமரா கொண்டுபோறதா இருந்தா முதல்ல கடுதாசி கொடுத்து அனுமதி கேளு. உள்ள போற ஆம்பிளை சட்டையைக் கழத்தி முண்டோட போகணும். உன் போட்டோக்கார நண்பனுக்கு இதை இப்பவே சொல்லிரு. ஜீன்ஸோட வந்து வாசல்ல நின்னு கலாச்சார விவாதம் பண்ணாம இருக்கட்டும். பொன்னம்மாள் படம் வேணும்னாலும் எடுத்தவிய யாருன்னு பாத்து, குடும்பத்துக்காரிய கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் போடு. போன்ல வந்ததெல்லாம் உன் சொத்து இல்லை. மருமக்கள்வழியில கூட அப்படி வராது.

இனி பேட்டி. உன் கேள்வித்தாளை உன் அம்மை வாசிச்சுக் காட்டினா. ‘இசைத் துறைக்கு எப்படி வந்தீங்க?’ ‘உங்க குரு யாரு?’ ‘மறக்க முடியாத மேடை அனுபவம்?’ ‘இன்றைய இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?’ அருமை. இதில உள்ள சவுகரியம் உனக்கே தெரியாது. பேட்டி எடுக்காமலே அச்சுக்கு அனுப்பிரலாம். பதில் எல்லாருக்கும் முன்னமே தெரியும். மூணு வயசில அம்மா பாடக் கேட்டேன், குருவோட ஆசீர்வாதம், ரசிகர்களோட அன்பு, இளைஞர்கள் பொறுமையா இருக்கணும். பாடகி பேரை மட்டும் மாத்தினா அடுத்த இதழுக்கும் ஆகும். பெட்ரோல் காசு மிச்சம்.

அப்படி வேண்டாம்னு தோணிச்சுன்னா ஒண்ணு செய். அந்தப் பிள்ளைக்கு எந்த நாள் கிடைச்சிருக்குன்னு கேளு. அந்த மண்டபத்தில ராகத்தை நாம தேர்ந்தெடுக்க முடியாது, நாள்தான் தேர்ந்தெடுக்கும். சுவாதித் திருநாள் கிருதி ஒன்பதும் நாளுக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கு. முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. நாலாம் நாள்காரனுக்குத் தோடி. ராத்திரி பூரா தோண்டினாலும் தீராத ராகம். ஏழாம் நாள்காரனுக்கு சுத்த சாவேரி. மொத்தமே அஞ்சு சுரம். காந்தாரமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது. அந்த அஞ்சை வச்சுக்கிட்டு அன்னைக்குப் பிரதான உருப்படியை நிறுத்தணும். உனக்கு வாய்க்காத ராகம் உன் நாளுக்கு வந்து விழுந்தா என்ன செய்வே பிள்ளேன்னு கேட்டுப் பாரு. அந்தக் கேள்விக்கு ரசிகர்களோட அன்பு பதிலாகாது.

தானத்தைப் பத்தியும் கேளு. மத்த கச்சேரியில தானம் பாடும்போது மிருதங்கம் கையை மடியில வச்சிருக்கும். இங்க மட்டும் மிருதங்கமும் கூடவே ஓடும். தாளக்கட்டு இல்லாத ஒண்ணுக்குக் கூடவே ஒருத்தர் தட்டிக்கிட்டு வந்தா மூச்சை எங்க எடுப்பே? எவ்வளவு நாளா ரெண்டு பேரும் உக்காந்து பாத்தீங்க? யாரு யாருக்கு வழி விடுதாவ? இதைக் கேட்டா அந்தப் பிள்ளை வாயால சொல்லாது, பாடிக் காட்டும். அப்ப நீ குறுக்க “சூப்பர் மேடம்”னு சொல்லாம இரி. உன் போன பேட்டி ரெக்கார்டிங்ல எனக்குக் கேட்டதெல்லாம் அதுதான். அவிய நாலு வார்த்தை, நீ ஒரு சூப்பர். பேட்டியா, கச்சேரிக்கு நடுவில சோடா விக்கியான்னு தெரியலை.

அந்த மண்டபத்தில கைதட்டு கிடையாது மருமவனே. சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கினா எட்டரைக்கு முடிஞ்சாகணும். முன்னால முல்லமூடு பாகவதர்மார் தோடயம் பாடுவாவ, பிறகு கச்சேரி. தனியாவர்த்தனம் எவ்வளவு பெரிய கோர்வையில வந்து விழுந்தாலும் ஒரு கை தட்டாது. கூரையில கவிழ்த்துக் கட்டின மண்பானை சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்னு சொல்லுவாவ. வேற எதுவும் திருப்பிக் கொடுக்காது. பாடுதது சரஸ்வதிக்கு, சனங்களுக்கு இல்லைங்கிறது கணக்கு. ஆனா பாடுதவிய மனுஷங்கதானே? ரெண்டரை மணிக்கூர் பாடிட்டு நல்லா இருந்துதா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிடுவே? முன்வரிசைக் கிழவன் விரல்ல போடுத தாளத்தைப் பாத்தா? பிடில்காரர் முகத்தைப் பாத்தா? வீட்டுக்குப் போற வழியிலயா? இதைக் கேட்டுட்டு நீ வாயை மூடிக்கிட்டு இரி. கொஞ்ச நேரம் பதில் வராது. உடனே அடுத்த கேள்வியை எடுத்து நீட்டிராதே. உன்னை மாதிரி ஆளுக்குத்தான் அந்த நேரம் நீளமாத் தெரியும். பாட்டுக்காரிய அதுக்குள்ள இருந்து பழகினவிய.

இடம் வேற தம்பானூர் காபி ஹவுஸ்னு வச்சிருக்கியாமே. லாரி பேக்கர் கட்டினது, சுத்திச் சுத்தி மேல ஏறும், படம் நல்லா விழும், ஒத்துக்கிடுதேன். கேக்கதுக்கு ஆகாது. கட்லெட் தட்டு மோதுத சத்தம், பஸ் ஸ்டாண்டு ஹாரன், தலைப்பாக்காரர் “பில்லு எங்க”ன்னு கேக்கது எல்லாம் பதிவாகும், அந்தப் பிள்ளை சாவேரியைப் பத்தி என்ன சொல்லிச்சுங்கிறது மட்டும் பதிவாகாது. வீட்டுக்குப் போ. ஃபேனை அணைக்கச் சொல்லு. வேக்கும், வேக்கட்டும். அம்மையோ அத்தையோ உள்ளேயிருந்து ஒரு வார்த்தை சொல்லுவாவ, “அன்னைக்குப் பயந்து சாப்பிடவே இல்லை”ன்னு. அதுதான் உன் பேட்டியில உயிர் உள்ள வரியா இருக்கும். ஆ. மாதவன் சாலைத் தெருவில கடை நடத்திக்கிட்டே எழுதினாவ. ரெக்கார்டரா வச்சிருந்தாவ? கல்லாவில உக்காந்தா காது திறந்திருக்கும், அவ்வளவுதான். கல்கி ஆனந்த விகடன்ல ‘கர்நாடகம்’ங்கிற பேர்ல ‘ஆடல் பாடல்’ எழுதினாவளே, அவியளுக்கு வழுவழுத் தாளும் இல்லை, நாலு கலரும் இல்லை. வாசிச்சவனுக்குக் கச்சேரி கேட்டுது. குத்து விழுந்தவனுக்கும் வலிச்சுது.

நீ மட்டும் யாருக்கும் வலிக்காம எழுதணும்னு நெனைக்குதே. பெண்கள் பாட வந்து 20 வருஷம், எல்லாம் சுபம், எல்லாருக்கும் நன்றின்னு முடிச்சிருக்கே. ஒன்பது நாள்ல எத்தனை நாள் பெண்களுக்குக் கிடைக்குது? 2006-லேருந்து வருஷாவருஷம் அழைப்பிதழ் அச்சடிச்சிருப்பாவ, எங்கயாவது இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து, ஆண் எத்தனை பெண் எத்தனைன்னு எண்ணி ஒரு பெட்டியில போடு. கருத்து ஒண்ணும் எழுதாதே, எண்ணிக்கை மட்டும் போடு. எண்ணினது சந்தோஷமா இருந்தா சரஸ்வதிக்குச் சந்தோஷம். இல்லேன்னா உனக்கு ரெண்டு போன் வரும். ரெண்டுமே பத்திரிகைக்கு நல்லதுதான்.

கேள்வித்தாள்ல கடைசியில இளைய தலைமுறை இருந்த இடத்தில இதை எழுதிக்கிடு. வெளியில சபாக்களில பாடுதியே பிள்ளே, அதே நாள் அதே மேடையில பாடுத ஆம்பிளைக்கு என்ன சன்மானம், உனக்கு என்ன? கேக்கும்போது கேமராவைப் பாக்காதே, சாயாவைப் பாத்துக்கிட்டே சாதாரணமாக் கேளு. தொகையைச் சொல்லிச்சுன்னா, போடலாமான்னு கேட்டுட்டுப் போடு. சிரிச்சுட்டுப் பேச்சை மாத்திச்சுன்னா, சிரிச்சுட்டுப் பேச்சை மாத்திச்சுன்னு போடு. சபாக்காரிய கோவிச்சுக்கிட்டு விளம்பரத்தை நிறுத்துதேன்னு மிரட்டினா, இதெல்லாம் தக்கலையில ஒரு கிழவன் சொல்லிக் கொடுத்ததுன்னு சொல்லிரு. விலாசம் கேட்டா மட்டும் கொடுத்திராதே.